ரசிகர் மன்றம் திரட்டிய பணம் எங்கே போகிறது? அறிவியல் புனைவு மன்றங்களும் அவற்றின் நற்பணிகளும்

வெள்ளைக் கவசம் அணிந்து விண்வெளிப் படையினர் வேடமிட்டவர்கள் குழந்தைகள் மருத்துவமனை வார்டில் வரிசையாக நிற்கும் படத்தை அமெரிக்கச் செய்திகளில் அடிக்கடி பார்க்கிறோம். உள்ளூர் அறிவியல் புனைவு மன்றம் ஒன்று வார இறுதி மாநாட்டில் ஏலம் நடத்தி இத்தனை ஆயிரம் டாலர் திரட்டியது என்ற செய்தியும் அதே அளவுக்குச் சகஜம். படிப்பவர்களுக்குக் குழப்பம் வருவது நியாயம்தான். இவர்கள் படக் கம்பெனியின் ஆட்களா? பணம் கொடுத்தது யார்? மன்றமே ஓர் அறக்கட்டளையா, அல்லது வசூலித்து வேறு யாரிடமோ ஒப்படைக்கிறதா? கொடுத்தவருக்கு வரிச்சலுகை உண்டா?

எல்லா மன்றத்துக்கும் பொருந்தும் ஒரே பதில் கிடையாது. பணம் எந்த வழியாகப் போனது என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். அந்த வழிகளைப் புரிந்துகொள்ள, மன்றம் எப்படி இயங்குகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். இத்தகைய மன்றங்கள் வேரூன்றியது அமெரிக்காவில் என்பதால் இங்கே பேசப்படும் சட்டமும் பெரும்பாலும் அந்த நாட்டுடையதே.

மன்றங்கள் வந்த கதை

1926 ஏப்ரலில் ஹியூகோ கெர்ன்ஸ்பேக் ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ இதழைத் தொடங்கினார். அறிவியல் புனைவுக்கென்றே வந்த முதல் ஆங்கில இதழ் அது. வாசகர் கடிதங்களை அச்சிடும்போது எழுதியவரின் முகவரியையும் சேர்த்துப் போட்டார்கள். அதைப் பிடித்துக்கொண்டு வாசகர்கள் ஒருவருக்கொருவர் நேரடியாக எழுதத் தொடங்கினார்கள். ஒரே ஊர்க்காரர்கள் என்று தெரிந்ததும் சந்தித்தார்கள். சேர்ந்து கையடக்க இதழ்களை உருட்டச்சில் அச்சிட்டார்கள்.

1934-இல் கெர்ன்ஸ்பேக் தம் மற்றோர் இதழான ‘வொண்டர் ஸ்டோரீஸ்’ வழியாக ‘சயன்ஸ் ஃபிக்‌ஷன் லீக்’ என்ற அமைப்பை அறிவித்து, ஊர் ஊராகக் கிளைகள் தொடங்கச் சொன்னார். இதழின் விற்பனையைக் கூட்டுவதும் அவருடைய கணக்கில் இருந்தது. லீக் சில ஆண்டுகளில் காணாமல் போனது; கிளைகளில் சில நிலைத்துவிட்டன. லாஸ் ஏஞ்சலஸ் கிளை அதே ஆண்டு அக்டோபரில் தொடங்கியது. பிறகு லாஸ் ஏஞ்சலஸ் சயன்ஸ் ஃபேன்டஸி சொசைட்டி என்று பெயர் மாற்றிக்கொண்டு, வாராவாரம் கூட்டம் போட்டு, 1973-இல் சொந்தக் கட்டடமும் வாங்கியது. அறிவியல் புனைவு மன்றங்களில் இடைவிடாமல் மிக நீண்ட காலம் இயங்கிவருவது இதுவே. பால்டிமோர் மன்றம் 1963-லும், பாஸ்டன் பகுதியைச் சேர்ந்த நெஸ்ஃபா 1967-லும், இங்கிலாந்தின் பர்மிங்காம் குழு 1971-லும் தோன்றின.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த மன்றங்கள் எந்த நடிகரையும் சுற்றி உருவானவை அல்ல. படிப்பவர்கள் தங்களுக்காக வைத்துக்கொண்ட சங்கங்கள். ஆகவே இவற்றின் அன்றாடம் பெரும்பாலும் சாதுவானது: சந்தா வசூல், முந்தைய கூட்டக் குறிப்பை வாசித்தல் (அதைக் கிண்டலாக எழுதுவது ஒரு பழைய மரபு), பொருளாளர் அறிக்கை, புத்தக விவாதம், எப்போதாவது ஓர் எழுத்தாளர் வருகை. பலவற்றில் நூலகமும் உண்டு. எம்.ஐ.டி. மாணவர்களின் மன்றம் 1949-இல் தொடங்கியது; உறுப்பினர்கள் நேராக அலமாரியிலிருந்து எடுத்துப் படிக்கக்கூடிய அறிவியல் புனைவு நூலகங்களில் அதன் நூலகமே உலகில் பெரியது என்று பெயர்பெற்றது.

சந்தாவில் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. பணம் வருவது மாநாட்டில்.

மாநாட்டில் பணம் எப்படி மிஞ்சுகிறது, எப்படிக் கரைகிறது

மாநாடு என்றே திட்டமிட்டுக் கூடிய முதல் சந்திப்பு 1937 ஜனவரியில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நடந்தது. 1939 ஜூலையில் நியூயார்க்கில் முதல் உலக அறிவியல் புனைவு மாநாடு. வந்தவர்கள் சுமார் 200 பேர். அந்தப் பெரிய மாநாடு ஊர் ஊராகச் சுற்றும். உள்ளூர் மன்றங்கள் தங்களுக்கென்று ஆண்டு மாநாடு ஒன்றை வைத்துக்கொண்டன: நெஸ்ஃபாவுக்கு பாஸ்கோன், பால்டிமோருக்கு பால்டிகான், பர்மிங்காமுக்கு நோவாகான்.

இவற்றுக்கு வருபவர் டிக்கெட் வாங்குவதில்லை, ‘உறுப்பினர்’ ஆகிறார். இது வெறும் சம்பிரதாயம் இல்லை. நடத்துபவர்கள், பதிவு மேசையில் உட்காருபவர்கள், நாற்காலி தூக்குபவர்கள் எல்லாரும் சம்பளமில்லாதவர்கள். பல மாநாடுகளில் குழுத் தலைவரே தன் உறுப்பினர் கட்டணத்தைக் கட்டிவிட்டுத்தான் வேலை செய்கிறார். வணிகக் கம்பெனிகள் நடத்தும், நடிகரின் கையெழுத்துக்குக் கட்டணம் வாங்கும் பெரிய கண்காட்சிகளை இவற்றோடு சேர்த்துப் பார்க்கக் கூடாது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். கணக்குப் புத்தகம் வேறு.

வரவு: உறுப்பினர் கட்டணம், புத்தக விற்பனையாளர்களின் மேசை வாடகை, ஓவியக் காட்சியில் விற்பதில் ஒரு கழிவு, மலரில் விளம்பரம். செலவில் பெரியது ஹோட்டல். இந்த இடத்தில்தான் பல மன்றங்கள் அடிபடுகின்றன. ஹோட்டலுடன் போடும் ஒப்பந்தத்தில் இத்தனை அறைகள் நிரம்பும் என்று மன்றம் உறுதி கொடுக்கும். பதிலுக்கு அரங்குகள் இலவசமாகவோ குறைந்த வாடகைக்கோ கிடைக்கும். அறைகள் நிரம்பாவிட்டால் பற்றாக்குறைக்கு மன்றம் பணம் கட்ட வேண்டும். பக்கத்தில் மலிவான விடுதி இருந்தும் ‘மாநாட்டு ஹோட்டலிலேயே தங்குங்கள்’ என்று மன்றத்தார் கெஞ்சுவதன் காரணம் இதுதான்.

எல்லாம் சரியாகப் போனால் கொஞ்சம் மிஞ்சும். அந்த மிச்சத்தை யாரும் பங்கு போட்டுக்கொள்ள முடியாது. உலக மாநாட்டின் அமைப்புவிதிகளிலேயே, கணக்கு முடிந்த பிறகு எஞ்சும் தொகையை உலக அறிவியல் புனைவுச் சங்கம் என்ற ஒட்டுமொத்த அமைப்பின் நலனுக்காகச் செலவிட வேண்டும் என்றும் நிதியறிக்கை தர வேண்டும் என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

பணம் போகும் மூன்று வழிகள்

‘ரசிகர் மன்றத்தின் நற்பணி’ என்று செய்தியில் ஒரே பெயரில் வருவது உண்மையில் மூன்று வெவ்வேறு ஏற்பாடுகள்.

1. மன்றமே அறநிறுவனம். அமெரிக்க வருமான வரிச் சட்டத்தின் 501(சி)(3) பிரிவு, அறம், கல்வி, இலக்கியம், அறிவியல் போன்ற நோக்கங்களுக்காக இயங்கும் அமைப்புகளுக்கு வரிவிலக்கு தருகிறது. நெஸ்ஃபா, பால்டிமோர் மன்றம் ஆகியவை இந்த வகை. இவற்றுக்குக் கொடுக்கும் நன்கொடையைக் கொடுத்தவர் தன் வரிக்கணக்கில் கழித்துக்கொள்ளலாம். பதிலுக்கு மன்றத்துக்கு நிபந்தனைகள்: லாபம் எந்தத் தனிநபருக்கும் போகக் கூடாது, தேர்தல் பிரசாரம் கூடாது, மன்றத்தைக் கலைத்தால் சொத்து இன்னொரு பொதுநல நோக்கத்துக்கே போக வேண்டும். இந்த வகையில் மன்றம் நடத்தும் எழுத்துப் பட்டறையும் முதல் நாவலுக்குத் தரும் பரிசும்கூட அதன் நற்பணிதான். மருத்துவமனைக்குப் பணம் கொடுத்தால்தான் அறப்பணி என்பது இல்லை.

2. மன்றம் ஒரு பொழுதுபோக்குச் சங்கம். வசூலித்து வேறோர் அறநிறுவனத்திடம் கொடுக்கிறது. சட்டத்தின் 501(சி)(7) பிரிவில் வரும் சங்கங்களுக்கும் வரிவிலக்கு உண்டு. ஆனால் அவற்றுக்குக் கொடுக்கும் பணத்தை யாரும் வரியில் கழிக்க முடியாது. எந்தப் பதிவும் இல்லாத பத்துப் பேர் குழுக்களின் நிலையும் இதேதான். கொடுப்பவருக்குச் சலுகை வேண்டுமென்றால் காசோலையை நேராக உணவு வங்கி பெயருக்கோ விலங்குகள் காப்பகத்தின் பெயருக்கோ எழுதுவதே ஒழுங்கான முறை. அனுபவமுள்ள மன்றங்கள் அந்த நிறுவனத்தின் ஆளையே மாநாட்டுக்கு அழைத்து ஒரு மேசையும் பெட்டியும் கொடுத்துவிடுகின்றன. மன்றத்தின் கணக்குக்குள் பணம் நுழைவதே இல்லை. பிறகு தகராறும் இல்லை.

3. ரசிகர்கள் ரசிகர்களுக்காகவே வைக்கும் நிதி. 1952-இல் சிகாகோவில் நடந்த உலக மாநாட்டுக்கு வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டைச் சேர்ந்த வால்ட் வில்லிஸ் என்ற ரசிகரை வரவழைக்கச் சிறுசிறு தொகையாகச் சேர்த்தார்கள். அந்த வெற்றியில் பிறந்ததுதான் அட்லாண்டிக் கடந்த ரசிகர் நிதி, சுருக்கமாக டாஃப். ஒருமுறை ஐரோப்பாவிலிருந்து வட அமெரிக்காவுக்கு, மறுமுறை எதிர்த்திசையில் ஒருவரை அனுப்புகிறார்கள். யாரை அனுப்புவது என்று வாக்கெடுப்பு நடக்கும். வாக்களிக்கக் குறைந்தபட்ச நன்கொடை கட்ட வேண்டும். போய்வந்தவர் தம் பகுதிக்கு நிர்வாகியாகி, அடுத்தவருக்கான பணத்தைத் திரட்ட வேண்டும். பயணக் கட்டுரை எழுதி அதையும் விற்று நிதியில் சேர்ப்பது எதிர்பார்க்கப்படும் கடமை. ஆஸ்திரேலியப் பக்கத்துக்கு டஃப் என்று இன்னொரு நிதி 1970-களின் தொடக்கத்திலிருந்து உண்டு. ஏழைக்கு உதவும் அறம் என்று இதைச் சொல்ல முடியாது. அப்படி யாரும் சொல்லிக்கொள்வதும் இல்லை. ஆனால் ஏலத்தில் ‘நிதிக்காக’ என்று மட்டும் அறிவித்தால், புதிதாக வந்தவர் மருத்துவமனைக்குப் போகிறது என்று நினைத்துவிட வாய்ப்புண்டு.

ஏல அறைக்குள்

மன்றங்களின் வசூலில் ஏலத்துக்குத் தனி இடம். மாநாட்டில் இரண்டு வகை ஏலம் நடப்பதால் குழப்பமும் இங்கேதான் அதிகம்.

முதலாவது ஓவியக் காட்சி ஏலம். பலகையில் ஓவியம் தொங்கும். அதன் கீழே ஒரு தாள். ஓவியத்தின் பெயர், குறைந்தபட்ச விலை, அப்புறம் வரிசையாகக் கோடுகள். பிடித்தவர் தன் பெயர், கழுத்தில் தொங்கும் அட்டையின் எண், தன் விலை மூன்றையும் எழுதுவார். குறிப்பிட்ட எண்ணிக்கையில் கோடுகள் நிரம்பிவிட்டால் அந்த ஓவியம் கடைசி நாள் குரல் ஏலத்துக்குப் போகும். இல்லாவிட்டால் கடைசியாக எழுதியவருக்கே. இந்தப் பணத்தில் பெரும்பகுதி ஓவியருக்கு, கழிவு மாநாட்டுக்கு. இது வியாபாரம்.

இரண்டாவது நன்கொடை ஏலம். பொருள்கள் யாரோ கொடுத்தவை: கையெழுத்திட்ட முதற்பதிப்பு, படப்பிடிப்பில் பயன்பட்ட பொருள், கையால் பின்னிய வேற்றுக்கிரகப் பூச்சி, எழுத்தாளருடன் ஒரு காபி. அதிகம் போட்டியிழுப்பது டக்கரைசேஷன்: அடுத்த நாவலில் ஒரு பாத்திரத்துக்கு உங்கள் பெயரைச் சூட்டும் உரிமையை எழுத்தாளர் ஏலத்துக்கு விடுவார். நண்பர்களின் பெயர்களைத் தன் கதைகளுக்குள் நுழைத்துக்கொண்டே இருந்த வில்சன் டக்கர் என்ற எழுத்தாளரிடமிருந்து வந்த பழக்கம். எழுத்தாளருக்குச் செலவில்லை, வாங்குபவருக்குப் பெருமை, நல்ல காரியத்துக்குப் பணம். பாத்திரம் மூன்றாம் பக்கத்திலேயே செத்துப்போகலாம். அதற்கு உத்தரவாதம் கிடையாது, சிலர் அதற்காகவே அதிகம் கொடுக்கிறார்கள்.

வரி விஷயத்தில் இந்த அறையில் பலரும் தவறாக நினைப்பவை:

1. ஏலத்தில் கட்டிய முழுத்தொகையும் நன்கொடை ஆகாது. பொருளின் சந்தை மதிப்புக்கு மேல் கொடுத்த பகுதி மட்டுமே நன்கொடை. 40 டாலர் புத்தகத்தை 100 டாலருக்கு எடுத்தால், 60 டாலர்தான் கணக்கு. பொருளுக்குப் பதிலாக 75 டாலருக்கு மேல் பணம் வாங்கும் அறநிறுவனம் இந்தப் பிரிப்பை எழுத்தில் தர வேண்டும். 250 டாலர் அல்லது அதற்கு மேற்பட்ட நன்கொடைக்கு எழுத்துமூல ஒப்புகை இல்லாமல் கொடுத்தவர் வரியில் எதையும் கழிக்க முடியாது.

2. ஓவியர் தன் ஓவியத்தையே நன்கொடையாகக் கொடுத்து அது 500 டாலருக்குப் போனாலும், அவர் வரியில் கழிக்கக்கூடியது கான்வாஸும் வண்ணமும் வாங்கிய செலவை மட்டுமே. அதை ஏலத்தில் வாங்கிப்போனவர் சில ஆண்டுகள் கழித்து ஓர் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தால் சந்தை மதிப்பைக் கழிக்கக்கூடும். படைத்தவருக்கு ஒரு நியாயம், வாங்கியவருக்கு இன்னொன்று. ஓவியர்கள் இதைப் பற்றிப் பல காலமாகப் புலம்புகிறார்கள், புலம்பலில் நியாயம் இருக்கிறது.

3. குலுக்கல் சீட்டு வாங்கிய பணம் நன்கொடையே இல்லை. அது சூதாட்டச் சட்டத்தின் கீழ் வருகிறது. யார் நடத்தலாம், உரிமம் வேண்டுமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பிரிட்டனிலும் சிறு குலுக்கல்களுக்குச் சூதாட்டச் சட்டத்திலேயே தனி விதிகள் உண்டு.

4. உழைப்புக்கு வரிக்கழிவு கிடையாது. மூன்று நாள் நாற்காலி தூக்கியவர் தன் நேரத்துக்கு விலை போட முடியாது. அறநிறுவன வேலைக்காகக் கார் ஓட்டியிருந்தால் மைலுக்கு 14 சென்ட் கழிக்கலாம், அவ்வளவுதான்.

கையெழுத்துக்கு ரத்தம்

பணமே கைமாறாத நற்பணிதான் இந்த வட்டாரத்தின் தனி அடையாளம். 1970-இல் கடும் நோய்வாய்ப்பட்ட எழுத்தாளர் ராபர்ட் ஹைன்லைனுக்குப் பலரின் ரத்தம் ஏற்றப்பட்டது. அவருடையது எளிதில் கிடைக்காத வகை. பிழைத்து எழுந்தவர் 1976-இல் கான்சஸ் சிட்டி உலக மாநாட்டுக்குச் சிறப்பு விருந்தினராக வந்தபோது, ரத்தம் கொடுத்தவர்களுக்கே கையெழுத்து என்று நிபந்தனை வைத்தார். ரசிகர்கள் வரிசையில் நின்றார்கள். அதிலிருந்து மாநாட்டு ரத்ததானம் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. அவர் பெயரால் 1997-இல் தொடங்கிய சங்கம் இன்றும் மாநாடுகளில் முகாம் நடத்துகிறது. அட்லாண்டாவில் நடக்கும் டிராகன் கான் மாநாட்டின் முகாமும் அவர் பெயரையே தாங்கியிருக்கிறது.

இது ரத்த வங்கிக்கு ஏன் உதவுகிறது என்பதற்கு இரண்டு எண்கள் போதும். சிவப்பணுக்களைக் குளிர்பதனத்தில் 42 நாள்தான் வைத்திருக்க முடியும். ஒருமுறை முழு ரத்தம் கொடுத்தவர் அமெரிக்க விதிப்படி மறுபடி கொடுக்க 56 நாள் காத்திருக்க வேண்டும். ஆகவே பழைய கொடையாளர்களை மட்டும் நம்பி வங்கி ஓட்ட முடியாது, புதியவர்கள் வந்துகொண்டே இருக்க வேண்டும். விடுமுறைக் காலங்களில் வழக்கமாகக் கொடுப்பவர்கள் ஊரில் இருப்பதில்லை; அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் முகாம் நடக்காது. பல மாநாடுகள் நடப்பது அதே நீண்ட வார இறுதிகளில். டிராகன் கானும் அமெரிக்கத் தொழிலாளர் தின வார இறுதியில்தான். ஊரே காலியாகும் நாளில் ஒரே கட்டடத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடியிருக்கிறார்கள். ஏலத்தில் கிடைக்கும் சில நூறு டாலரைவிட இதன் பயன் பெரிது என்பது என் கணிப்பு.

கவசம் அணிந்தவர்கள் யார்?

முதலில் சொன்ன மருத்துவமனைப் படத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் 501வது லீஜியன் என்ற அமைப்பினர். ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களின் வில்லன் தரப்பு உடைகளைச் சொந்தச் செலவில் செய்துகொள்ளும் ரசிகர்கள். 1997-இல் அமெரிக்காவில் தொடங்கி, இன்று பல நாடுகளில் கிளைகள். சேர 18 வயது நிறைய வேண்டும். உடை படத்தில் உள்ளபடியே இருக்கிறதா என்று பகுதி பகுதியாகப் பார்த்துத்தான் சேர்ப்பார்கள். ஒரு கவசத்தைப் பொருத்திச் சீர்செய்யவே மாதக் கணக்கில் ஆகும்.

இவர்கள் அந்தப் படங்களைத் தயாரித்த லூகாஸ்ஃபிலிமின் ஊழியர்கள் இல்லை. ஆனால் பாத்திரங்களும் வடிவங்களும் அந்த நிறுவனத்தின் சொத்து. நிறுவனம் இவர்களை அங்கீகரித்து, நடவடிக்கை எடுக்காமல் விடுவதற்கு அடிப்படை ஒன்றே: உடையை வைத்து உறுப்பினர் சம்பாதிப்பதில்லை. நிகழ்ச்சிக்கு அழைப்பவரிடம் கூலி வாங்காமல், விரும்பினால் ஓர் அறநிறுவனத்துக்குக் கொடுங்கள் என்று கேட்கிறார்கள். இந்தப் பணம் லீஜியனின் கைக்கு வராமலேயே போகலாம். செய்தியில் ‘லீஜியன் திரட்டிய தொகை’ என்று வரும்போது, அவர்கள் வந்ததால் மற்றவர்கள் கொடுத்தது என்றும் அதற்குப் பொருள் இருக்கலாம்.

படம் திரையிட்டு வசூலிப்பதில் உரிமைப் பிரச்சினை இன்னும் நேரடியானது. வீட்டுக்கு வாங்கிய டிஸ்க்கை அரங்கில் போட்டுக் காட்ட, நல்ல காரியத்துக்கே என்றாலும், உரிமை தனியாக வாங்க வேண்டும். 2006-இல் ஆரகன் மாநிலத்தின் போர்ட்லண்டில் ஒரு ரசிகர் தொடங்கிவைத்த ‘செரினிட்டி’ படத்தின் நன்கொடைத் திரையிடல்கள் பல நகரங்களுக்குப் பரவி, பெண்ணுரிமை அமைப்பான ஈக்குவாலிட்டி நவ்வுக்குப் பணம் சேர்த்தன. ஊருக்கு ஊர் ரசிகர்களே அரங்கம் பிடித்து நடத்தினார்கள்.

உரிமையாளர் எந்த அளவுக்குப் பொறுப்பார் என்பதற்கு எல்லை உண்டு. ரசிகர் குழு ஒன்று பெருந்தொகை திரட்டி ‘ஸ்டார் ட்ரெக்’ படம் எடுக்க முனைந்தபோது வழக்கு வந்தது. அதைத் தொடர்ந்து 2016-இல் சி.பி.எஸ்., பாரமவுண்ட் நிறுவனங்கள், ரசிகர் படத்துக்குத் திரட்டும் நிதி 50,000 டாலரைத் தாண்டக் கூடாது என்று நெறிமுறை வெளியிட்டன. அது நற்பணி வசூல் பற்றியது இல்லைதான். இருந்தாலும், பிறர் சொத்தான பாத்திரத்தின் பெயரில் பணம் கேட்கும் எந்த மன்றமும் அதைப் படித்துவைத்திருப்பது நல்லது.

கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

1. யாருக்கு? அறநிறுவனத்தின் முழுப்பெயர் அறிவிப்பில் இருக்கிறதா? ‘நல்ல காரியத்துக்கு’ என்று மட்டும் இருந்தால் போதாது.

2. எவ்வளவு? ‘வசூல் முழுவதும்’ என்பதும் ‘செலவு போக மிச்சம்’ என்பதும் வெகுதூரம் விலகியவை. ஹோட்டல் ஒப்பந்தத்தில் அடிவாங்கிய ஆண்டில் மிச்சம் என்று எதுவும் இருக்காது. அட்டைப் பரிவர்த்தனைக் கட்டணத்தை யார் ஏற்கிறார்கள் என்பதும் இதில் அடங்கும்.

3. மன்றத்தின் சட்ட நிலை என்ன? அமெரிக்க வருமான வரித்துறையின் இணையத் தேடலில் அமைப்பின் பெயரைப் போட்டாலே தெரியும். ஆண்டு வரவு வழக்கமாக 50,000 டாலருக்குள் இருக்கும் சிறு அமைப்புகள் 990-என் என்ற மின் அஞ்சலட்டையைத் தாக்கல் செய்தால் போதும். அதில் பணவிவரம் அநேகமாக இருக்காது. அதற்கு மேற்பட்டவை விரிவான 990 வகைப் படிவம் ஒன்றைத் தர வேண்டும், யார் கேட்டாலும் அதைக் காட்டவும் வேண்டும். மூன்று ஆண்டு தொடர்ந்து தாக்கல் செய்யாவிட்டால் வரிவிலக்கு தானாகவே ரத்தாகிவிடும். பொருளாளர் மாறும்போது அடுத்தவரிடம் யாரும் சொல்லாமல் விட்டு, நேர்மையான சிறு மன்றங்களே இதில் மாட்டிக்கொள்வது உண்டு. பட்டியலில் பெயர் இல்லை என்றதும் மோசடி என்று முடிவுகட்ட வேண்டாம்.

4. போன ஆண்டு அறிவித்த தொகை போய்ச் சேர்ந்ததா? மன்றத்தின் கூட்டக் குறிப்பில் பொருளாளர் அறிக்கை இருக்கும். அறநிறுவனத்திடமிருந்து வந்த ரசீதோ நன்றிக் கடிதமோ அதில் பதிவாகியிருக்க வேண்டும். குறிப்பைக் காட்டச் சொல்லிக் கேட்பதை நன்றாக நடக்கும் எந்த மன்றமும் தவறாக எடுத்துக்கொள்ளாது.